பயிருக்குக் கொடுத்தோம், நிலத்துக்கு என்ன கொடுத்தோம்?

திண்டுக்கல்லில் நிவாரணம் என்றதும் நினைவுக்கு வருவது 2017. அந்த ஆண்டு ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கருகியிருந்தால் நெல்லுக்கும் இறவைப் பயிருக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய்; மானாவாரிக்கு 3,000; தென்னை போன்ற நீண்டகாலப் பயிருக்கு 7,287. மாடு வைத்திருந்தவர்களுக்குக் கிலோ 2 ரூபாய்க்கு உலர்தீவனம் தந்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். வைக்கோல் விலை ஏறி, மாட்டைச் சந்தைக்கு ஓட்டப் புறப்பட்டவரை அந்தத் தீவனம் தடுத்து நிறுத்தியது.

ஆனால் ஏக்கர் கணக்கில் வந்த பணத்துக்கு அரசு வைத்த பெயர் இடுபொருள் மானியம். அடுத்த விதைப்புக்கு விதை, உரம் வாங்க அது உதவும். வறட்சி போய் வெள்ளம் வந்தால், உடைந்த வரப்பை யார் கட்டுவது? மண் மூடிய வயலை யார் மீட்பது?

விதி இல்லாமல் இல்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில், விளைநிலத்தில் 3 அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால், அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் உண்டு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் 3 அங்குல மணல் என்றால் 760 கன மீட்டர். 2017இல் கண்மாய் வண்டலை இலவசமாக எடுக்க அனுமதித்தபோது 75 கன மீட்டரை 25 டிராக்டர் லோடு என்று கணக்கிட்டது அரசேதான். அந்தக் கணக்குப்படி நம் வயலில் கிடப்பது 250 லோடுக்கு மேல். லோடுக்குக் கிடைப்பது 72 ரூபாய்கூட இல்லை. அள்ளுகிற பொக்லைன் வாடகை, டிராக்டர் டீசல், ஓட்டுநர் கூலி எல்லாம் அந்தப் பணத்துக்குள் அடங்க வேண்டுமாம்!

குடகனாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இது ஏட்டுக்கணக்கு அல்ல. கீழ்ப்பழனி மலையிலிருந்து ஆத்தூர் வழியாக நம் சமவெளிக்கு இறங்கும் ஆறு அது. 1977 வெள்ளத்தில் வேடசந்தூர் பக்கம் அதன் அணையே கரைமேல் நீர் வழிந்து உடைந்தது. அப்படியொரு வெள்ளம் போட்டுவிட்டுப் போகும் மணல் 3 அங்குலத்தோடு நிற்காது.

அமெரிக்காவில் அவசர நிலப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று உண்டு. இடிபாட்டை அகற்ற, வேலியைச் சீரமைக்க, கடும் வறட்சியில் கால்நடைக்கு நீர் கொண்டுவர, ஆகும் செலவில் 75 விழுக்காடு வரை அரசு ஏற்கிறது. நம் அரசுக்கும் இந்த வழி தெரியாததல்ல. 2018 கஜா புயலில் சாய்ந்த தென்னைக்கு 600 ரூபாய் கொடுத்தபோது, அதை வெட்டி அப்புறப்படுத்தவென்று தனியாக 500 ரூபாய் சேர்த்துக் கொடுத்தது. இழப்பு வேறு, சீரமைப்பு வேலை வேறு என்று அன்று ஒப்புக்கொண்டோம். அந்த நியாயம் தென்னையோடு நின்றுவிட்டது.

இன்னொரு குறை, வாய்மொழிக் குத்தகை. மணலை அள்ளுபவர் ஒருவர், பட்டா வேறொருவர் பெயரில். குத்தகையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு செய்யக் கேட்டால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற பயம் இன்னும் போகவில்லை.

ஆட்சியாளர்களிடம் நான் கேட்பது இவைதான். மணல் அகற்ற லோடு கணக்கில், நடப்பு வாடகையில் பணம் கொடுங்கள். உழுபவர் பெயரை அடங்கலில் ஏற்றி, அவர் கையிலேயே கொடுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதற்கான அரசாணை வர வேண்டும்.