கணினிக்கு வேர்க்குமா?

(‘இன்றைய மேடையில் வெல்வது கருவியே! கலைஞரே!’ என்ற பட்டிமன்றத்தில் ‘கலைஞரே’ அணியில் ஆற்றிய உரை)



முன்னால் பேசிய நண்பர், 2017-இல் பெய்ஜிங் பறவைக்கூடு அரங்கத்திலே டிராகன் பறந்ததே என்று முழங்கினார். பறந்தது ஐயா, எங்கே? திரையிலே! டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்தவன் அண்ணாந்து பார்த்தா வெறும் வானம்தான். (சிரிப்பு)

டிராகனை விடுங்க, அது ஆடாது. 2018 நவம்பர் 3-க்கு வாங்க. தென்கொரியாவிலே இன்சியான் நகரம், முன்ஹாக் அரங்கம். ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ என்ற கணினி விளையாட்டின் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. தொடக்க விழாவிலே கொரியாவின் மியோன், சோயோன், அமெரிக்காவின் மேடிசன் பீர், ஜைரா பர்ன்ஸ் ஆகிய நாலு பெண்கள் பாடி ஆடுறாங்க. கூடவே விளையாட்டுக்குள்ளிருந்து ஆரி, அகாலி, ஈவ்லின், கைசா என்று நாலு பாத்திரங்கள்! எட்டுப் பேரும் ஒரே மேடையிலே! என் மகன் இதைக் காட்டி, “அப்பா, யார் நிஜம் சொல்லுங்க” என்றான். “யாருக்கு வேர்க்குதோ அவங்கதான்டா” என்றேன். (கைதட்டல்)

வித்தை என்னன்னா, கேமரா எங்கே நிற்குது, எந்தப் பக்கம் திரும்புதுன்னு கணினிக்கு நொடிக்கு நொடி தெரியும். அந்தக் கோணத்துக்கு ஏற்ப உருவத்தை வரைந்து படத்தோடு சேர்த்துவிடும். பாராட்டுகிறேன். ஆனா மேடையிலே நின்ற அந்தப் பெண்களுக்கு? பக்கத்திலே யாருமே இல்லை! வெறும் காற்று. காற்றுக்கு இடம் விட்டு, காற்றோடு தாளம் தப்பாமல் ஆடினாங்க பாருங்க, அது கருவியா, கலைஞரா?

2019-இல் பாரிசிலே வேறு வழி பிடித்தார்கள். மெல்லிய வலைத்திரை கட்டி, அதன்மேல் ஒளி பாய்ச்சி, அரங்கத்திலே இருந்தவர்களும் கண்ணாலேயே உருவங்களைக் காணச் செய்தார்கள். வேண்டாத வெளிச்சம் திரையிலே விழுந்தால் உருவம் வெளுத்துப்போகும். தூண் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்று சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே இளங்கோவடிகள் சொன்ன கவலையேதான்! அங்கேயும் மாதவி ஆடத்தான் விளக்கு. விளக்கு எரிய மாதவி இல்லை. (பலத்த கைதட்டல்)

இன்னொன்று. இப்படிப்பட்ட உருவங்களுக்கு ஆட்டம் எங்கிருந்து வருது? பெரும்பாலும் ஒரு மனித உடம்பிலிருந்து. உடலோடு ஒட்டிய உடை, மூட்டுக்கு மூட்டு பளபளக்கும் சிறு உருண்டை, சுற்றிலும் கேமரா. நடுவிலே ஒருவர் ஆடுவார். அவர் அசைவை வாங்கித்தான் அந்தப் பதுமை ஆடுது. பாரிசிலும் சரி, இன்சியானிலும் சரி, அகாலிக்குக் குரல் கொடுத்தவர் சோயோன். அகாலிக்குத் தொண்டை கட்டாது ஐயா, சோயோனுக்குக் கட்டும்!

குரல் கொடுத்தவர் பேராவது மேடை ஏறிச்சு. ஆடிக் கொடுத்தவர் பேர்? அகாலியைச் சின்னப் பிள்ளைக்கும் தெரியுது. அவளுக்குக் கால் கொடுத்தவரைத் தெரியுமா என்று என் மகனைக் கேட்டேன். முழித்தான். அந்தப் பேரைத் திரையிலே பெரிய எழுத்திலே போடட்டும், அப்புறம் நானே எதிரணிக்கு வந்து உட்காருகிறேன். நடுவர் மணியைத் தொட்டுவிட்டார்.