பூக்கும் நெல்லும் ஏறும் வெப்பமும்

(அறநிலைய விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்தது நம் மரபு. தொல்காப்பிய மரபியலும் அவ்வாறே வகுத்துள்ளது. தொட்டறியும் அந்த ஓர் உணர்வைக் கொண்டு, சூடேறி வரும் இவ்வுலகைப் பயிர்கள் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

வடதுருவத்தை ஒட்டிய சைபீரியா, அலாஸ்கா போன்ற பகுதிகளில் நிலத்தடி மண் ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கிறது. கோடையில் மேற்பரப்பு மட்டும் சிறிதளவு இளகும். அவ்விளகிய மண்ணில்தான் புல்லும் பாசியும் குறுஞ்செடியும் வாழ்கின்றன. உலகின் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் துருவப் பகுதி சூடேறி வருவதால், அங்கே புதர்கள் உயர்ந்து வளர்கின்றன. முன்பு இல்லாத வடபுலத்திற்கும் பரவுகின்றன. சைபீரியாவின் கோலிமா ஆற்றங்கரையில், உறைமண்ணுக்குள் அணில்கள் சேர்த்துவைத்த காய்களின் திசுவிலிருந்து ரஷ்ய அறிஞர்கள் செடி வளர்த்த செய்தி 2012இல் வெளிவந்தது. ஏறத்தாழ 32,000 ஆண்டுகள் பழமையான அந்தத் திசுவிலிருந்து வளர்ந்த செடி பூத்தது, விதையும் தந்தது. உயிரின் பொறுமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

துருவத்துச் செடிக்கு நகர இடம் உண்டு. தஞ்சையின் நெல்லுக்கு அவ்வாய்ப்பு இல்லை. தெற்கிலும் கிழக்கிலும் கடல். மேற்கே காவிரி நீர் எட்டாத மேடு. அது நகரக்கூடியது காலத்தில் மட்டுமே. அந்த நகர்வும் நாம் விதைக்கும் நாளைப் பொறுத்தது.

நெற்பூ முற்பகலில் மலர்கிறது. ஒரு பூ திறந்திருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரமே. அந்த நேரத்தில் கதிரின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தப் பை சரிவர வெடிப்பதில்லை. சூல்முடியில் விழும் மகரந்தமும் குறைகிறது. அப்பூ பதராகிவிடும். பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும். அறுத்துத் தூற்றும்போதுதான் உண்மை தெரியும்.

இங்கே வியப்பான செய்தி ஒன்றுண்டு. ஆஸ்திரேலியாவின் வறண்ட நெல் வயல்களில் காற்றின் வெப்பம் 40 டிகிரியை நெருங்கினாலும் பயிர் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. வறண்ட காற்றில் இலையும் கதிரும் நீரை ஆவியாக்கித் தம்மைக் குளிர்வித்துக்கொள்கின்றன; மண்பானை நீர் குளிர்வது போலத்தான். காற்று ஈரமாக இருக்குமிடத்தில் இத்தற்காப்பு வலுவிழக்கிறது. கடலை அடுத்த நம் டெல்டாவிற்கு இது கவலை தரும் செய்தி.

பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பகலில் சேர்த்த மாவுச்சத்தில் ஒரு பங்கை இரவில் பயிர் தன் சுவாசத்திற்குச் செலவிடுகிறது. இரவு புழுங்கினால் செலவு கூடும். மணியில் சேர்வது குறையும். பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பதிவுகளைக் கொண்டு 2004இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1979 முதல் 2003 வரை அங்கே இரவு வெப்பம் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் உயர்ந்திருந்தது. வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்ததென அவ்வாய்வு கூறிற்று.

நம் பருவங்களில் கோடை நெல்லுக்கே இதனால் இடர் மிகுதி. அது சித்திரை வெயிலில் பூக்க நேர்கிறது. சம்பாவும் தாளடியும் குளிர்ந்த மாதங்களில் கதிர் விடுவதால் வெப்பத்திற்குத் தப்பிவிடும். அவற்றின் பகை தவறிப் பெய்யும் மழை. 2021 தைப் பொங்கலை ஒட்டிக் கொட்டிய மழையில் முற்றிய கதிர்கள் சாய்ந்து, வயலிலேயே முளைவிட்டதை டெல்டாக் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா.

வெள்ளத்தைத் தாங்கும் வழியையும் நெல்லே கற்றிருக்கிறது. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றில் கண்டறியப்பட்ட மரபணுவைச் சேர்த்து, நம்மவர் நன்கறிந்த சி.ஆர். 1009 சம்பாவிலும் புதிய வகை உருவாக்கியுள்ளனர். நீரில் மூழ்கினால் மற்ற நெற்பயிர் மேலே எட்டிப் பார்க்க நீண்டு, வலுவிழந்து மடியும். இதுவோ வளர்ச்சியை நிறுத்தி, இருப்பைச் செலவிடாமல் ஏறத்தாழ இரண்டு வாரம் காத்திருக்கும். நீர் வடிந்ததும் துளிர்க்கும். நோன்பின் பயன் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெப்பத்திற்கு, விடியலிலேயே பூக்கும் இயல்பைக் காட்டு நெல்லிலிருந்து பெறும் முயற்சி நடந்துள்ளது. மறைந்த நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளை மீட்டது பழம்பெருமைக்காக மட்டுமன்று. நாளை எந்தக் குணம் தேவைப்படும் என்று இன்று யார் அறிவார்?

இனி, புலால் உண்ணாத குடும்பங்களுக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி. காற்றில் கரியமில வாயு மிகுந்தால் நெல் செழித்து வளரும் என்பது உண்மையே. ஆனால் மணியின் சத்து குறைகிறது. சீனாவிலும் ஜப்பானிலும் 18 நெல் வகைகளை, இந்நூற்றாண்டின் இறுதிக்குள் வரக்கூடிய வாயு அளவில் திறந்த வயலில் வளர்த்துப் பார்த்தனர். 2018இல் வெளியான அம்முடிவின்படி புரதம் ஏறத்தாழ 10 விழுக்காடும், இரும்பு 8 விழுக்காடும், துத்தநாகம் 5 விழுக்காடும் குறைந்திருந்தன. நம் வீட்டுக் குழந்தைக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் இவை தானியம், பயறு, பால் வழியாகவே வருகின்றன. தட்டில் சோற்றின் அளவு மாறாது, உள்ளிருப்பது மாறும்.

பயறு வகைகளில் புரதம் அந்த அளவிற்குக் குறைவதில்லை; வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் தழைச்சத்தை ஈட்டித் தருகின்றன. டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே, நிற்கும் பயிருக்கிடையில் உளுந்தும் பச்சைப்பயறும் விதைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எஞ்சிய ஈரமும் பனியுமே அவற்றிற்குப் போதும். அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளைகளை நசுக்குவதால் இவ்வழக்கம் பல ஊர்களில் குறைந்து வருவது வருந்தத்தக்கது.

நம்மில் பலர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நகரங்களில் குடியேறிவிட்டோம். ஆண்டுக்கு ஒருமுறை குத்தகை நெல்லைக் கணக்குப் பார்ப்பதோடு நம் தொடர்பு முடிந்துவிடுகிறது. இவ்வாண்டு குத்தகைதாரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த வகை நட்டார், என்று பூத்தது, பதர் எவ்வளவு. கோடை நெல்லை விட்டுப் பயறு போட அவர் விரும்பினால், அந்தப் போகத்திற்குக் குத்தகையைத் தளர்த்துங்கள். நட்டத்தை அவர் ஒருவரே சுமக்க வேண்டுமென்றால் அவர் துணிய மாட்டார். நீரைத் தேக்கியே வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது பற்றியும் பேசுங்கள். நீர் தேங்கிய சேற்றில் மீத்தேன் வாயு உருவாகிறது. சைபீரியாவில் உருகும் சதுப்பிலிருந்து கிளம்புவதும் அதே வாயுதான். ஆடுதுறையில் 1922 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வகைகளையும் விதைப்பு நாளையும் பற்றி எவரும் கேட்டறியலாம். தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. உளுந்து விதையை இப்போதே சொல்லிவைப்பது நல்லது.