நீர்மட்டக் கணக்கும் நமது வாய்க்கால்களும்
(தியாகராய நகரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் கூடியிருக்கும் இந்தத் தியாகராய நகரின் பெரும்பகுதி, ஒரு காலத்தில் நீர் ததும்பிய நெடிய ஏரியாகும். 1920-களில் அதைத் தூர்த்து நகர் அமைத்தனர். ஏரி மறைந்தது, மழை மறையவில்லை. வள்ளுவர் கோட்டப் பக்கத்திலிருந்து வரும் மாம்பலம் கால்வாய் இப்பகுதியின் மழைநீரை ஏந்திச் சென்று நந்தனம் அருகே அடையாற்றில் சேர்க்கிறது. 2021 நவம்பரில் இங்குள்ள தெருக்களில் வெள்ளம் தேங்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

வாய்க்காலில் நீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா? முடியும். அயர்லாந்து இஞ்சினீயர் ராபர்ட் மானிங் 1889-ல் முன்வைத்த சூத்திரம் இதற்குப் பெரிதும் உதவுகிறது. வாய்க்காலின் அகலம், ஆழம், சரிவு ஆகியவற்றோடு அதன் சொரசொரப்பும் இக்கணக்கில் சேரும்.

உதாரணம் ஒன்று பார்ப்போம். 3 மீட்டர் அகலமும் 2,000-க்கு 1 சரிவும் உள்ள சிமெண்டு வாய்க்காலில், நீர் 1.5 மீட்டர் ஆழத்தில் ஓடினால் வினாடிக்கு ஏறத்தாழ 5.5 கன மீட்டர் செல்லும். புல்லும் குப்பையும் மண்டிச் சொரசொரப்பு இரு மடங்கானால், அதே ஆழத்தில் பாதி நீரே செல்லும். முழு நீரும் போகவேண்டுமாயின் ஆழம் இரண்டரை மீட்டருக்கும் மேல் உயர்ந்தாக வேண்டும். கரை 2 மீட்டர்தான் என்றால், மிஞ்சும் நீர் வீடுகளுக்குள் புகும்!

ஆனால் சரிவு குறைந்த வாய்க்காலின் நீர்மட்டத்தை அதன் முகத்துவாரமும் நிர்ணயிக்கிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு, அடையாறு கரைபுரண்டது. ஆறு உயர்ந்து நிற்கும்போது அதில் சேரும் கால்வாய் எவ்வாறு வடியும்? ஆகவே இஞ்சினீயர்கள் கணக்கை முகத்துவாரத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செல்கின்றனர். அடுத்த குறுக்குவெட்டில் ஒரு மட்டத்தை உத்தேசமாகக் கொள்வார்கள். அங்கே நீரின் உயரமும் வேகமும் தரும் ஆற்றல், கீழிடத்து ஆற்றலோடு வழியிலுள்ள உராய்வு இழப்பையும் சேர்த்ததற்குச் சமமாக வேண்டும். வராவிடில் உத்தேசத்தைத் திருத்தி மறுபடியும் கணக்கிடுவார்கள்.

கையால் செய்தால் நாட்கணக்கில் நீளும் இவ்வேலையைக் கணிப்பொறி சில நொடிகளில் முடிக்கிறது. அமெரிக்க ராணுவ இஞ்சினீயர்கள் 1968-ல் வெளியிட்ட ஹெக்-2, 1995-ல் வெளியிட்ட ஹெக்-ராஸ் ஆகியவை இத்தகைய திட்டங்கள். ஹெக்-ராஸ் எவருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது.

எனினும் கணிப்பொறிக்கு நம் வாய்க்காலைக் கண்ணால் காண இயலாது. தூர் எவ்வளவு, ஆக்கிரமிப்பு எங்கே, சிறுபாலத்தின் கண் அடைபட்டுள்ளதா என்பதையெல்லாம் அளந்து கொடுக்க வேண்டியவர்கள் நாமே. பிழையான அளவைக் கொடுத்தால் பிழையான விடையே வரும்.

ஆதலால் ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் வரத்துக் கால்வாய்களின் குறுக்களவுகளை எழுதி வைக்கட்டும். வெள்ளம் ஏறிய மட்டத்தைச் சுவரில் தேதியுடன் குறிக்கட்டும். புதிய சிறுபாலம் கட்டுமுன், "இதனால் மேற்புறத்தில் நீர் எவ்வளவு உயரும்?" என்று இஞ்சினீயரைக் கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி பல குடும்பங்களின் நெல்லையும் வீட்டையும் காக்கும்.