பால் கேனும் தகரப் பெட்டியும்

(திருப்பதியில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் சித்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நம் உறுப்பினர் வீட்டுத் துக்கத்துக்குப் போயிருந்தோம். காரியம் முடிந்தபின் இறந்துபோன பாட்டியின் தகரப் பெட்டியைத் திறந்தார்கள். அடியில் மஞ்சள் துணியில் ஒரு கட்டு. அதில் வாழைமரப் படம் போட்ட பத்து டாலர் நோட்டுகள் பதினொன்றும், 1941-ஆம் ஆண்டு முத்திரையுடன் பினாங்கிலிருந்து வந்த ஒரு கடிதமும் இருந்தன. செல்லாக்காசு என்று பையன்கள் சிரித்தார்கள். குப்பையில் போடப் போனவர்களை நாங்கள் தடுத்தோம்.

பாட்டியின் தகப்பனார் மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குக் கங்காணியோடு கப்பல் ஏறியவர். திரும்பவில்லை. யுத்தம் முடிந்து ஊர் வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இந்த நோட்டுகளைக் கொடுத்து, "சயாமுக்குப் போனான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். பாட்டியின் தாயார் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமலே கடைசிவரை இருந்திருக்கிறார். செத்தார் என்று சொல்ல எந்த சர்க்கார் காகிதமும் வரவில்லை.

அந்த நோட்டு ஜப்பானியர் மலாயாவில் அச்சடித்துப் புழங்கவிட்டது. வாழைமரக் காசு என்பார்கள். 1945-ல் ஜப்பான் தோற்றதும் அது வெறும் காகிதமாயிற்று. எத்தனையோ பேர் உழைத்த கூலி அப்படியே போயிற்று.

சயாம் என்றால் என்ன என்பதை ரயில்வேயில் வேலை செய்கிற நாங்கள் சொல்லியாக வேண்டும். 1941 டிசம்பர் 8-ல் ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை, ஊருக்குக் கடிதம் இல்லை. பர்மாவிலிருந்த தன் படைக்குச் சாமான் கொண்டுபோக, சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் பாதை போட ஜப்பான் முடிவு செய்தது. மீட்டர் பாதைதான், முன்பு நம் பாகாலா–காட்பாடி வழியில் ஓடியதே, அதே அகலம். தண்டவாளத்துக்காக மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையையே பெயர்த்து எடுத்துப் போனார்கள்.

ஆளையும் அப்படித்தான் பெயர்த்தார்கள். மூன்று மாத வேலை, நாளைக்கு ஒரு டாலர் என்று முதலில் ஆசை காட்டினார்கள். பிறகு பிடித்துப் போனார்கள். இலவச சினிமா என்று கூட்டிக் கதவைச் சாத்தி ஏற்றினார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். கூட்ஸ் வண்டியில் அடைத்து, இறக்கிவிட்டபின் காட்டுக்குள் நடக்க விட்டார்கள். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. வெள்ளைக்காரக் கைதிகளிடம் அவர்களுடைய படை டாக்டர்களாவது இருந்தார்கள். நம்மவருக்கு அதுவும் இல்லை. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டவர்களில் 12,000-க்கும் மேல் மாண்டார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர் 1,80,000-க்கும் மேல். அவர்களில் செத்தவர் சுமார் 90,000 என்பது ஒரு மதிப்பீடு. பாருங்கள், ஒன்று கணக்கு, மற்றொன்று மதிப்பீடு! ஒரு ஸ்டேஷனில் ஸ்லீப்பர் கட்டை ஒன்று குறைந்தாலும் எங்களிடம் விளக்கம் கேட்பார்கள். இங்கே மனிதர் தொகையே தோராயம்.

காஞ்சனபுரியில் கைதிகளுக்கு அழகான இடுகாடு இருக்கிறது. சுமார் 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் படைப்பிரிவும் பொறித்திருக்கிறது. அதே ஊரில் 1990-ல் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. 1977-ல் ஒரு பௌத்த மடத்தில் அருங்காட்சியகம் வைத்து, ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா–அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து என்ற நாடுகளின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். அதிகமாகச் செத்தவனுக்கு அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

எழுத்து என்பது சோறும்கூட. 2000-ல் பிரிட்டிஷ் அரசு, ஜப்பானியரிடம் கைதியாயிருந்த தன் ஆட்களில் உயிரோடிருந்தவருக்கு ஆளுக்கு 10,000 பவுண்டு கொடுப்பதாக அறிவித்தது. அவர்கள் பெயர் பட்டியலில் இருந்தது. பிரிட்டிஷ் தோட்டத்தில் பால் எடுத்த தமிழனை அந்தத் திட்டம் சேர்க்கவில்லை.

இதே யுத்தத்தில் ஐரோப்பாவில் யூதர்களை ஹிட்லர் ஆட்சி கொன்று குவித்தது. வார்சா நகரில் அவர்களைச் சுவர் எழுப்பி அடைத்தார்கள். உள்ளே இம்மானுவேல் ரிங்கல்பிளம் என்ற சரித்திர ஆசிரியர் அறுபது பேர்வரை சேர்த்து ரகசியமாக ஒரு வேலை செய்தார். அவர்கள் நாட்குறிப்பு மட்டும் சேர்க்கவில்லை. ரேஷன் கார்டு, டிராம் டிக்கெட், மிட்டாய் சுற்றிய காகிதம், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை எல்லாவற்றையும் சேர்த்தார்கள். 1942 ஆகஸ்டில் பத்துத் தகரப் பெட்டிகளில் ஒரு பகுதியைப் பள்ளிக்கூடத்தின் அடியில் புதைத்தவர் இஸ்ரேல் லிச்டென்ஸ்டைன் என்ற வாத்தியார். அடுத்த பிப்ரவரியில் இன்னொரு பகுதி இரண்டு பால் கேன்களில் போயிற்று. ரிங்கல்பிளமை 1944-ல் கொன்றார்கள். அறுபது பேரில் பிழைத்தவர் மூவர். அவர்களில் ஒருவரான ஹெர்ஷ் வாசருக்குப் புதைத்த இடம் தெரியும். 1946-ல் பெட்டிகளும், 1950-ல் பால் கேன்களும் இடிபாட்டுக்குள்ளிருந்து கிடைத்தன. மூன்றாம் பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை.

"அவர்கள் படித்தவர்கள், நம்மவர் கைநாட்டு" என்று சிலர் சொல்வார்கள். அதை முழுசாக ஒத்துக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. காட்டு மழையில் காகிதம் வைக்கக் கூரை ஏது? கைதிகளில் ரொனால்ட் சர்ல் என்ற ஓவியர், வாந்திபேதியில் கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில் தன் படங்களை மறைத்தார். காவலர் அங்கே கிட்டே வரமாட்டார்கள். அதே பேதியில் கிடந்த நம் ஆளிடம் பென்சில் ஏது? ஆனால் மலேசியாவில் ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் இதை நாவலாக எழுதினார்கள். இங்கே பாட்டி ஒருத்தி எழுபது வருஷத்துக்கு மேல் செல்லாத நோட்டை மஞ்சள் துணியில் வைத்திருந்தாள். அதுவும் பத்திரம் செய்ததுதானே?

இது பழங்கதை என்று எழுந்து போகாதீர்கள். நம்மில் பாதிப்பேர் ஒப்பந்தக் கூலிகள். இரண்டு வருஷத்துக்கு முன் நம் ஆள் ஒருவர் சாரம் சரிந்து இறந்தார். "எங்கள் மஸ்டரில் இப்படி ஒரு பெயரே இல்லை" என்றார் காண்டிராக்டர். அவர் மனைவி சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த மூன்று முன்பணச் சீட்டுகள்தான் நஷ்டஈடு வாங்கித் தந்தன. அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஆகவே சங்கம் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வாருங்கள். மலாயா, பர்மா, இலங்கை என்று போன உங்கள் பெரியவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், ஊர், எந்தத் தோட்டம் என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயர் நம் நாக்கில் மாறிப்போயிருந்தால், மாறினபடியே சொல்லுங்கள். பழைய கடிதம், பாஸ்போர்ட், போட்டோ இருந்தால் படம் எடுத்துக்கொள்வோம். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், எங்களிடமும்தான். மேலே பேனாவால் எழுதாதீர்கள், பசைத்தாள் ஒட்டாதீர்கள். இன்றைய கூலிச் சீட்டையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள்.

முதல் பெயராக அந்தப் பாட்டியின் தகப்பனார் பெயரை எழுதிவிட்டோம். தோட்டம் என்ற கட்டம் மட்டும் காலி. கடித உறையில் முத்திரை மங்கியிருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் படிக்கக் கண் உள்ள பிள்ளைகள் யாராவது வந்தால் உதவியாயிருக்கும்.