ஐஸ் டீயும் நம் தண்ணீர்ப் பந்தலும்

(சித்திரை மாதப் பொதுக்கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

திண்டிவனம் வளாகத்திலிருந்து இந்த வெயிலில் விழுப்புரம் வரை வந்திருக்கும் நண்பர்களுக்குத் தனி வணக்கம்.

கூனூர்ப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் "வீட்டில் ஐஸ் டீ போடுவது எப்படி என்று பத்து நிமிடம் பேசுங்கள்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். இதற்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். அக்னி நட்சத்திரம் முடியும்வரை மெயின் கேட்டில் வைக்கப்போகும் தண்ணீர்ப் பந்தலில், மோருக்குப் பதிலாக ஐஸ் டீ கொடுக்கலாமா என்று இளைஞர் அணி கேட்டிருக்கிறது. முதலில் வீட்டுக் கதையைப் பேசிவிட்டுப் பந்தலுக்கு வருகிறேன்.

1904-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் கண்காட்சி நடந்தது. அங்கே இந்தியத் தேயிலையை விற்கப் போன ரிச்சர்ட் பிளெச்சிண்டன் என்பவர், வெயிலில் சூடான டீயை யாரும் சீண்டாததால் ஐஸைப் போட்டுக் கொடுத்தார், ஐஸ் டீ பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். நல்ல கதைதான், ஆனால் 1879-லேயே வெளிவந்த ஒரு வர்ஜீனியா சமையல் புத்தகத்தில் ஐஸ் டீ செய்முறை இருக்கிறது. நமக்கும் ஐஸுக்கும் அதைவிடப் பழைய உறவு. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸை இறக்கி வைக்க 1842-ல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

சரி, டீக்கு வருவோம். நம் வீட்டில் பால் டீக்கு வாங்குவது டஸ்ட். சி.டி.சி. என்று சொல்லும் முறையில், இலையை இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்தது. சீக்கிரம் சாயம் இறங்கும், பாலுக்கு ஈடு கொடுக்கும். ஐஸ் டீக்கு அது சரிப்படாது. கடுப்பாகிவிடும், ஆறியதும் கலங்கிவிடும். இலையாகவே இருக்கும் தேயிலை, கடையில் ஆர்த்தடாக்ஸ் அல்லது லீஃப் டீ என்று கேளுங்கள். அதிலும் நீலகிரித் தேயிலை ஆறினாலும் அவ்வளவாகக் கலங்காது. ஐஸ் டீக்கென்று அதைத் தேடி வாங்குபவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. என் ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை.

கலங்குவது ஏன் என்று சிலர் கேட்டீர்கள். தேயிலையின் காஃபினும், நிறம் கொடுக்கும் துவர்ப்புப் பொருள்களும் சூட்டில் தனித்தனியாகக் கரைந்திருக்கும். குளிர்ந்ததும் ஒன்றோடொன்று சேர்ந்து மிதக்கும். கெட்டுப்போனது என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். கொஞ்சம் வெந்நீர் விட்டால் தெளிந்துவிடும். போர் தண்ணீரின் உப்பு வேறு விஷயம். அந்தத் தண்ணீரில் போட்டால் மேலே ஏடு மாதிரி படியும், நிறமும் மங்கும். குடிக்கிற தண்ணீரிலேயே போடுங்கள்.

ஒரு லிட்டருக்கு அளவு சொல்கிறேன். அரை லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்க விட்டு, அடுப்பை அணையுங்கள். 10 கிராம் இலை, அதாவது சுமார் நாலைந்து டீஸ்பூன் போட்டு மூடி, நாலு நிமிடம், மிஞ்சினால் ஐந்து. பால் டீ பழக்கத்தில் இலையையும் சேர்த்துக் கொதிக்க விடாதீர்கள். வடிகட்டும்போது சக்கையைப் பிழிய வேண்டாம், கசப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. சூடாக இருக்கும்போதே சர்க்கரையைப் போட்டுக் கலக்குங்கள். குளிர்ந்த டீயிலும் சர்க்கரை கரையும்தான், ஆனால் நேரம் பிடிக்கும். பாதி அடியில் தங்கும், இனிப்பு போதவில்லை என்று இன்னும் இரண்டு ஸ்பூன் போடுவோம். பிறகு காய்ச்சி ஆறிய தண்ணீர் அரை லிட்டர் விட்டு, சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். எலுமிச்சை கடைசியில்தான். புளிப்பு பட்டதும் நிறம் வெளுக்கும், பயப்படாதீர்கள். அன்றைக்குப் போட்டதை அன்றைக்கே முடித்துவிடுங்கள். கரண்ட் போய் நெடுநேரம் ஆகிவிட்டால் யோசிக்காமல் கொட்டிவிடலாம்.

கண்ணாடி ஜாடியில் இலையும் தண்ணீரும் போட்டு மொட்டை மாடியில் வெயிலில் வைத்தாலே டீ இறங்கிவிடும் என்று குழுவில் ஒரு வீடியோ வந்தது. சாயம் இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர் வெயிலிலும் அந்தத் தண்ணீர் கிருமி சாகும் அளவுக்குச் சூடாகாது. மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருந்து கிருமி வளரத்தான் இடம் கொடுக்கும். அடுப்பு மூட்டப் பிடிக்கவில்லை என்றால், அதே அளவு இலையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வையுங்கள். கசப்பே இல்லாமல் வரும். எனக்கு இதுதான் பிடிக்கும்.

இப்போது சர்க்கரை. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை ஓடும் மாவட்டத்தில் நின்றுகொண்டு சர்க்கரையைக் குறைக்கச் சொல்வது கொஞ்சம் துணிச்சல்தான். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஸ்வீட் டீ என்று குடிப்பதில், ஒரு காலனுக்கு, அதாவது சுமார் 3.8 லிட்டருக்கு, ஒன்றிலிருந்து இரண்டு கப் சர்க்கரை போவது சகஜம். இரண்டு கப் என்றால் 200 மில்லி டம்ளர் ஒன்றில் சுமார் 20 கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்கிட்டது. லிட்டருக்கு 40 கிராமில் ஆரம்பியுங்கள். டம்ளருக்கு 8 கிராம்தான் வரும். ஒரு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

சாப்பாட்டோடு ஐஸ் டீ வேண்டாம். தேயிலையின் துவர்ப்பு, சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை என்கிறது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தள்ளிக் குடிக்கலாம். சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

பந்தலுக்கு வருகிறேன். அங்கே வந்து குடிக்கப்போவது யார்? வாட்ச்மேன் அண்ணன், வீட்டு வேலைக்கு வரும் அக்காமார்கள், பார்சல் கொண்டுவரும் பையன்கள், பக்கத்து மனையில் சித்தாள் வேலை பார்ப்பவர்கள். வியர்வையில் உப்பை இழந்து வருபவர்களுக்கு இனிப்பு டீ ருசியாக இருக்கும், இழந்த உப்பைத் தராது. அதில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் என்று நாம் கேட்கப்போவதும் இல்லை. மோருக்குப் பதிலாக டீ என்பதை அதனால் நான் ஏற்கவில்லை. தண்ணீரும் உப்புப் போட்ட நீர்மோரும் தினமும் இருக்கட்டும். ஞாயிறு மாலை மட்டும் ஒரு 20 லிட்டர் கேன் ஐஸ் டீ வைக்கலாம். 100 டம்ளர் வரும், சர்க்கரை 800 கிராம் போதும்.

ஐஸ் எங்கிருந்து வரும் என்பதுதான் என் கவலை. மீன் பெட்டிக்குப் போடும் பார் ஐஸை வாங்கி உடைத்து உள்ளே போடுவது கூடாது. அது குடிநீரில் செய்தது என்று யாரும் நமக்கு உறுதி சொல்ல முடியாது. இருபது வீட்டில் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரை உறைய வைத்துக் கொடுத்தால், மூடியைத் திறக்காமல் கேனைச் சுற்றி டப்பில் அடுக்கிவிடலாம். போன வருடம் வைத்த பித்தளை அண்டா வேண்டாம், எலுமிச்சைப் புளிப்புக்கு ஆகாது. எவர்சில்வர் போதும்.

இன்னொன்று. பந்தலுக்கு வருபவர் உளறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்துத் தள்ளாடினாலோ, டம்ளரை நீட்டாதீர்கள். 108-க்கு அழைத்துவிட்டு, நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணி போட்டு விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. இதை எழுதி கேட்டில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

பின்னால் மேஜையில் இரண்டு ஜக் வைத்திருக்கிறேன். இடது பக்கம் இருப்பது 40 கிராம், வலது பக்கம் அமெரிக்கக் கணக்கு. குடித்துப் பார்த்துவிட்டு, ஐஸ் பாட்டில் தரும் இருபது வீட்டுக்காரர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.