எந்தத் துறையில் இறங்குவது?

மல்லேஸ்வரத்துத் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வேலையாயிருக்கும் வீடுகள் இன்று பல உண்டு. கோடையில் பெற்றோர் அங்கே செல்லுகின்றனர். சென்றவர்களைப் பிள்ளைகள் அலாஸ்காவிற்கு ஏழு இரவுக் கப்பற் பயணம் அனுப்பி வைக்க விரும்புகின்றனர். உடனே சம்பிகே சாலையில் மாலை உலாவுக்கு வருவோரிடையே, “எந்தக் கப்பல் நல்லது?” என்ற பேச்சு எழுகின்றது. கப்பல்கள் பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கும். அது எந்தெந்தத் துறைகளில் நிற்கும் என்பதே கேட்கத்தக்க வினா. ஏனெனில் துறைகளை நாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க இயலாது. சீட்டு வாங்கும்போதே அவை ஒரு கட்டாக வந்துவிடுகின்றன.

முதலில் ஓர் எச்சரிக்கை. அயல்நாட்டுக் கொடி தாங்கிய கப்பல், அமெரிக்கத் துறையில் பயணிகளை ஏற்றி அதே துறைக்குத் திரும்புமானால், இடையில் ஓர் அயல்நாட்டுத் துறையையேனும் தொட வேண்டும் என்பது 1886ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு. ஆதலின் சியாட்டிலிலிருந்து புறப்படும் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில், பெரும்பாலும் மாலை வேளையில், சில மணி நேரம் நிற்கின்றன. கரையில் கால் வைக்காதவர்க்கும், இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால், கனடா விசா வேண்டும். அமெரிக்க விசாவும் மீண்டும் நுழைய இடந்தருவதாக இருத்தல் வேண்டும். இதை எண்ணிப் பாராமல் பணம் கட்டியவர் துறைமுக வாயிலிலிருந்தே திரும்ப நேரும்.

இனித் துறைகள். ஜூனோ அலாஸ்காவின் தலைநகர். 1880இல் பொன் கண்டெடுக்கப்பட்டதால் எழுந்த ஊர். வெளியூரிலிருந்து அங்கே செல்லச் சாலை கிடையாது. கடல் வழியாகவோ வான் வழியாகவோதான் போக வேண்டும். ஏறத்தாழ 32,000 பேர் வாழும் அவ்வூருக்கு 2023இல் 16 இலட்சத்திற்கு மேற்பட்ட கப்பற் பயணிகள் வந்தனர். ஊரார் முணுமுணுத்ததில் வியப்பில்லை. நாளொன்றுக்கு ஐந்து பெருங்கப்பல்களே வரலாம் என்ற வரையறை 2024 முதல் அமலில் இருக்கிறது. ஊருக்கு அருகே மெண்டன்ஹால் என்னும் பனியாறு உண்டு. அது ஆண்டுதோறும் உள்வாங்கி வருகின்றது. 2011 முதல் அதன் பக்கத்துப் பள்ளத்தில் தேங்கும் நீர் திடீரென உடைத்துக்கொண்டு பாய்ந்து வெள்ளம் விளைவிக்கின்றது. எனினும் ஜூனோவில் என் ஓட்டு திமிங்கிலத்திற்கே. ஹவாய்க் கடலில் குளிர்காலத்தைக் கழித்த கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கோடையில் இரை தேடி இங்கே வருகின்றன. படகில் உட்கார்ந்தபடியே காணலாம். முழங்கால் வலிக்காரர்க்கு இதைவிட ஏற்றது வேறில்லை.

ஸ்காக்வே வேறு வகை. 1897, 1898ஆம் ஆண்டுகளில் கனடாவின் குளோண்டைக் பகுதியில் பொன் இருக்கிறது என்று கேட்டு ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் புறப்பட்டனர். ஓராண்டுக்குப் போதிய பண்டங்களைக் கொண்டுவராதவர்களை எல்லையில் கனடாக் காவலர் உள்ளே விடவில்லை. ஒவ்வொருவர் சுமையும் ஒரு டன் அளவுக்கு வந்தது. ஒயிட் பாஸ் கணவாய் வழியில் சுமந்து மாண்ட குதிரைகள் ஏறத்தாழ மூவாயிரம் என்பர். அந்தக் கணவாய்க்கு இருப்புப்பாதை போடத் தொடங்கியது 1898இல், முடித்தது 1900இல். அதற்குள் பொன் தேடிய கூட்டம் கலைந்துவிட்டது! மூன்றடி அகலமே உள்ள அப்பாதை, 20 மைல் தூரத்தில் 2,865 அடி உயரம் ஏறுகின்றது. நம் நீலகிரி மலை இரயிலும் அக்காலத்ததுதான். 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. ஆனால் நீலகிரியின் ஏற்றம் மிகச் செங்குத்து. அதற்குப் பற்சக்கரம் வேண்டியிருந்தது. ஸ்காக்வே இரயில் பற்சக்கரம் இன்றியே ஏறுகின்றது. மேட்டுப்பாளையத்தில் ஏறிப் பழகியவர்க்கு இது புதுமையன்று என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் உடன்பட மாட்டேன். மலை ஒன்றாயிருக்கலாம், சன்னலுக்கு வெளியே தெரியும் பனி ஒன்றல்லவே.

கெச்சிகன் மழையூர். ஆண்டில் 140 அங்குலத்திற்கு மேல் பெய்யும். ஆகும்பேயின் மழையைக் கண்ட கருநாடகத்தார்க்கு இது பெரிதன்று; ஆனால் இது குளிர்ந்த மழை. குடையைவிட மழைச்சட்டையே உதவும். குலச் சின்னங்களைச் செதுக்கிய நெடிய மரத்தூண்களை இங்கே காணலாம். ஆகஸ்டில் சென்றால், ஊர் நடுவே ஓடும் ஓடையில் சால்மன் மீன்கள் எதிர்நீச்சலிட்டு ஏறுவதையும் பார்க்கலாம். சில கப்பல்கள் இதற்கு ஈடாகச் சிட்காவைத் தருகின்றன. 1867இல் உருசியா அலாஸ்காவை 72 இலட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றபோது, கொடி மாறியது சிட்காவில்தான். வரலாற்றில் விருப்பமுள்ளவர் சிட்காவையே கொள்க. அங்குக் கடைத்தெரு ஆரவாரமும் குறைவு.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, எவரும் இறங்காத ஓர் இடம். கிளேசியர் பே என்னும் பனியாற்று விரிகுடாவில் நாளொன்றுக்கு இரண்டு பெருங்கப்பல்களுக்கே அனுமதி. ஆதலால் எல்லாக் கப்பல்களும் அங்கே செல்வதில்லை. சில, ஹப்பர்டு பனியாற்றுக்குச் செல்லும். டிரேசி ஆர்ம் என்னும் குறுகிய கடற்கால்வாய்க்குச் சென்றவையும் உண்டு. அங்கே 2025 ஆகஸ்டில் பெரிய மலைச்சரிவு நேர்ந்து பேரலை எழுந்தது. சீட்டு வாங்குமுன் “கிளேசியர் பே உண்டா?” என்று கேளுங்கள். அதற்காக ஒரு துறை குறைந்தாலும் குறையட்டும். 1794இல் வான்கூவர் என்பாரின் ஆங்கிலக் கப்பலினர் வந்தபோது, அங்கே விரிகுடாவே இல்லை, பனிச்சுவர்தான் நின்றது. 1879இல் ஜான் மியூர் வந்தபோது அது ஏறத்தாழ நாற்பத்தெட்டு மைல் பின்வாங்கியிருந்தது. இன்று அறுபத்தைந்து மைல். கப்பலின் மேல்தளத்தில் நின்று, இரண்டு நூற்றாண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் உருகிய அந்தத் தூரத்தைத்தான் நாம் கடந்து செல்லுகிறோம்.

அந்தப் பனி முன்னேறி வந்த காலமும் ஒன்று உண்டு. அப்பள்ளத்தாக்கில் குடியிருந்த ஹூனா டிலிங்கிட் மக்களை அது ஊரைவிட்டு வெளியேற்றியது. நீரிணையைக் கடந்து அவர்கள் குடியேறிய ஊரே இன்றைய ஹூனா. 1912இல் அங்கே எழுந்த மீன் அடைப்புத் தொழிற்சாலை இப்போது ஐசி ஸ்டிரெயிட் பாயிண்ட் என்னும் கப்பற்றுறை. அதை நடத்துவது அம்மக்களுக்கே உரிய நிறுவனம். சியாட்டிலுக்குத் திரும்பியபின் பிள்ளைகளிடம் சொல்ல உங்களுக்கு ஒரு கதை வேண்டுமென்றால், இந்தத் துறை உள்ள கப்பலைத் தேர்ந்தெடுங்கள். விட்டு வந்த இடத்தை அவர்கள் மறக்கவில்லை. 2016இல் விரிகுடாவின் வாயிலில், பார்ட்லெட் கோவ் என்னுமிடத்தில், முன்னோர் நினைவாக ஒரு குலமனை கட்டித் திறந்தனர். பெருங்கப்பல்கள் அங்கே நிற்பதில்லை.