படுதாவுக்கு இந்தப் பக்கம்

(நமது கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "பத்து நிமிஷம் பேசுப்பா, உனக்குப் பிடிச்சதைப் பேசு, ஆனா பம்பு பத்தி மட்டும் பேசிடாதே" என்றார். பம்புகளோடு பிழைப்பு நடத்துகிற மெக்கானிக்கல் இன்ஜினீயர் நான். பம்பை விட்டால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கிற இசை நாடகம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இதை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். நான் அதன் ரசிகன். என் மனைவியைக் கேட்டால் ரசிகன் என்று சொல்லமாட்டார், பைத்தியம் என்பார்.

இங்கே இருக்கும் மாணவத் தம்பிகளில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் கொஞ்சம் விளக்கி விடுகிறேன். இதில் நிரந்தரமான நாடகக் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறு ஊர், ஆர்மோனியம் வாசிப்பவர் எங்கிருந்தோ பஸ் பிடித்து வருவார். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, தேதி வாங்கி, போட்டோ போட்டு நோட்டீஸ் அடிப்பார்கள். ஒத்திகை? அந்தப் பேச்சே கிடையாது. பல சமயம் முருகனும் வள்ளியும் அன்று ராத்திரிதான் முதன்முதலாக முகம் பார்த்துக் கொள்வார்கள். விடிவதற்குள் கல்யாணம் ஆகிவிடும்!

இது எப்படி முடிகிறது? நம் பாஷையில் சொல்கிறேன். லூதியானாவில் செய்த எம்12 போல்ட்டும் கோயம்புத்தூரில் செய்த எம்12 நட்டும் சண்டை போடாமல் சேருகிறதே, ஏன்? மரை அளவு ஒன்று. நாடகத்துக்கு அந்த அளவைப் போட்டுக் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922ல் புதுச்சேரியில் மறைந்தவர். 1918ல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் படித்த பள்ளிக்கூடம் அதுதான். அந்தப் பையன்களுக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தாராம். நாமும்தான் அசைன்மென்டை ஒரே இரவில் எழுதினோம். ஆனால் அது நிற்கிறதா? அவர் எழுதிய பாட்டும் வசனமும் நூறு வருஷம் கழித்தும் மேடையில் நிற்கின்றன. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஜோடியாக வள்ளி திருமணம் ஆடினார்கள். 1933ல் கிட்டப்பா காலமானபோது வயது இருபத்தேழுதான். அதே வள்ளி திருமணத்தைத்தான் நான் என் அம்மாவின் ஊரில் பார்த்து வளர்ந்தேன்.

புதுக்கோட்டைப் பக்கம் சின்ன ஊர் அது. தாய்மாமா திருவிழாக் கமிட்டியில் இருந்தார். அதனால் எனக்கு ஒரு பெரிய பதவி கிடைத்தது. கலைஞர்களுக்குச் சுக்குக் காபி கொண்டு போய்க் கொடுக்கிற பதவி. கீற்றுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு டியூப் லைட், நாலைந்து ட்ரங்குப் பெட்டி, ஆணியில் தொங்கும் கண்ணாடி. நாரதர் பீடி வலித்துக் கொண்டிருப்பார். முருகன் முட்டிவலித் தைலம் தேய்த்துக் கொண்டிருப்பார். முன்னால் உட்கார்ந்து பார்த்த நாடகத்தைவிட, பின்னால் நின்று பார்த்த நாடகம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1999 பங்குனித் திருவிழா. எனக்குப் பதினோரு வயது. முருகன் வேடனாக வந்து போய், கிழவனாக வருகிற கட்டம். அவசரத்தில் தாடியைச் சரியாக ஒட்டவில்லை போலிருக்கிறது. பாட்டின் நடுவே தாடி ஒரு பக்கம் பெயர்ந்து தொங்குகிறது. முன்வரிசையில் சிரிப்பு கிளம்பி விட்டது. ராஜபார்ட்டுக்குப் பாட்டு நின்றுவிட்டது. ஸ்திரீபார்ட் அம்மா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"ஏன் தாத்தா, உம்ம தாடியே உம்மோட இருக்க மாட்டேங்குது. என்னைக் கூட வரச் சொல்றீரே, நியாயமா?"

ராஜபார்ட்டும் பிடித்துக் கொண்டார். "தாடி போனா போகட்டும் பெண்ணே, தாடிக்குப் பின்னால இருக்கறவன் குமரனாச்சே!"

கொட்டகையில் எழுந்த கைதட்டல் அடங்கவே இல்லை. ஊரில் பாதிப் பேர் அது பாடத்திலேயே உள்ளது என்று இன்றுவரை நம்புகிறார்கள்.

ஆனால் அவர் உள்ளே வந்தாரே, அங்கேதான் இருக்கிறது கச்சேரி. நான் காபி நீட்டினேன். பபூன் கையைத் தடுத்தார். "பார்த்துக் குடிங்கண்ணே, தாடி நனைஞ்சா அதுக்குச் சளி பிடிக்கும்." ஆர்மோனியக்காரர் வந்து, "பாதிச் சம்பளம் தாடிக்குக் கொடுத்திருங்க, கோவிச்சுக்கிட்டுப் பாதி வழி போயிருச்சு" என்றார். விடியும் வரை விடவில்லை. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அந்த ராஜபார்ட்தான்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த நான் நம் கல்லூரியில் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

2007 ஆண்டு விழா. தமிழ் மன்றம் சார்பில் அரை மணி நேர வள்ளி திருமணம். காட்சிகளை இணைத்துப் பேசும் நாரதர் வேஷம் எனக்கு. வேடனாக வந்தவன் முதலாண்டுத் தம்பி. பேர் வேண்டாம். அருமையான குரல். கீபோர்டு ஒரு கட்டை தூக்கி ஆரம்பித்துவிட்டது. பையன் மிரண்டு போனான், அடுத்த அடி மறந்து போயிற்று. மேடையில் விழித்துக் கொண்டு நிற்கிறான். என் கையில் மைக் இருந்தது. நான் சொன்னேன்: "வேடனாரே, மானைத் தேடி வந்தீரா, பாட்டைத் தேடி வந்தீரா?"

அரங்கமே அதிர்ந்தது. விசில் பறந்தது. உங்களில் சிலரும் சிரித்திருப்பீர்கள். எனக்கு ஒரு வாரத்துக்குக் கால் தரையில் படவில்லை. ஹாஸ்டலில் அந்தத் தம்பிக்குப் பேரே "பாட்டைத் தேடி" என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவன் மேடை ஏறவில்லை. அதை நான் கவனிக்கக்கூட இல்லை.

2011ல் வேலைக்குச் சேர்ந்து லீவில் ஊருக்குப் போனேன். திருவிழாவுக்கு அதே பபூன் வந்திருந்தார். வயதாகிவிட்டது. சுக்குக் காபி கொடுத்துவிட்டு, நானும் நாடகக்காரன்தான் என்று காட்டிக் கொள்ள, இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் அரிதாரத்தைத் துடைத்துக் கொண்டே கேட்டார்:

"அந்தப் பையன் அப்புறம் பாடினானா தம்பி?"

"இல்லண்ணே."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கூட நிக்கிறவன் தடுக்கி விழுந்தா, நாமளும் அவன் மேல விழணும். ரெண்டு பேரும் வேணும்னே விழுந்த மாதிரி சனம் நினைக்கணும். அதுக்குத்தான் பபூன்னு ஒருத்தனுக்குக் காசு குடுக்கறாங்க. கேலி பண்ணணுமா, இங்க வச்சுக்க. படுதாவுக்கு இந்தப் பக்கம்."

அப்போதுதான் 1999ல் பார்த்தது எனக்குப் புரிந்தது. அந்த அம்மா தாடியைக் கேலி செய்யவில்லை, ராஜபார்ட்டுக்கு ஓர் அடி எடுத்துக் கொடுத்தார். நானும் கேலிதான் செய்தேன், ஆனால் அந்தத் தம்பி பிடித்து ஏறி வர அதில் ஒன்றும் இல்லை.

பிழையை மூடி மறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பம்பு விஷயத்தில் மறைத்தால் வெடித்துவிடும்! சில ஆண்டுகளுக்கு முன் வாடிக்கையாளர் முன்னால் எங்கள் ஜூனியர் பெண் ஒருவர் மீட்டரையும் அடியையும் குழப்பி ஒரு கணக்கைக் காட்டிவிட்டார். நாக்கு நுனிவரை ஒரு ஜோக் வந்தது. விழுங்கிவிட்டு, "யூனிட் தவறியிருக்கிறது, நாங்கள் இருவரும் சரிபார்த்துச் சாயங்காலம் தருகிறோம்" என்றேன். தந்தோம். மறுநாள் டீக்கடையில், "உங்க உயரம் அஞ்சு மீட்டராம்மா?" என்று ஆரம்பித்தேன். அவரும் சும்மா விடவில்லை. இன்றுவரை என் தப்புகளைத் தேதியோடு ஞாபகம் வைத்திருக்கிறார்.

இந்தக் கூட்டத்துக்கு வருவதற்கு முன் சங்கத்தின் முகவரிப் பட்டியலில் அந்தத் தம்பியின் நம்பரைத் தேடி எடுத்தேன். பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "அது நல்ல ஜோக்குத்தான்ணே. வேற யாரையாவது பத்தி இருந்தா நானும் விசிலடிச்சிருப்பேன்" என்றார். இப்போது பாடுவதுண்டா என்று கேட்டேன். "பாப்பாவைத் தூங்க வைக்கிறப்போ" என்றார். சந்திப்புக்கு வரச் சொன்னேன். "அடுத்த தடவை பார்ப்போம்ணே. மேடைக்கு மட்டும் கூப்பிடாதீங்க."

அதனால்தான் அவர் இன்று இங்கே இல்லை.

சாயங்காலம் மாணவர் கலை நிகழ்ச்சி இருக்கிறது. யாராவது ஒருவருக்கு வரி மறக்கும், யாராவது ஒருவரின் தாடி கழன்று விழும். அந்த நேரம் மைக் யார் கையில் இருக்கிறதோ, அவருக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். கைகொடுங்கள். பிறகு மெஸ்ஸில் பொங்கலும் வடையும் சாப்பிடும்போது ஆசை தீர ஓட்டுங்கள். அதில் நானும் சேர்ந்து கொள்கிறேன்.